முதுகில் உருகாத பனி

அரியாலை,
மார்கழி கடைசி வாரம்

என் அன்புப் பிள்ளைக்கு,

நீ வட்சப்பில் அனுப்பிய படத்தை மூன்று நாளாய்ப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வேலை முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது எடுத்தது என்று எழுதியிருந்தாய். தெரு விளக்கின் கீழே ஒரு பனிமான் படுத்திருக்கிறது, கொஞ்சம் தள்ளி நீ சிரித்துக்கொண்டு நிற்கிறாய். அப்பா உன் முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, பிள்ளை மெலிந்துவிட்டாள் என்றார். நான் மானின் முதுகைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முதுகு முழுக்கப் பனி. நாலு விரற்கடை தடிப்பு இருக்கும், மல்லிகைப்பூவை மூட்டையோடு கொட்டிவிட்டதுபோல அப்படியே கிடக்கிறது, ஒரு இடத்திலும் கரையவில்லை. உன் தலையில் விழுந்த பனி கரைந்து நெற்றியால் வழிந்திருக்கிறது. தொப்பி போடவில்லை.

அந்த மானுக்கு உள்ளுக்குள் உன்னைவிட ஒரு பாகையோ ஒன்றரைப் பாகையோ கூடச் சூடு. அப்படியிருந்தும் முதுகில் கிடக்கும் பனிக்கு அந்தச் சூடு போய்ச் சேரவில்லை. உன் தலையிலிருந்து சூடு ஊற்றாய் வெளியே போய்க்கொண்டிருக்கிறது. படத்தை எப்போது எடுத்துப் பார்த்தாலும் எனக்கு இதுதான் கண்ணில் குத்துகிறது.

குளிர் எப்படி என்று கேட்டால் ஒவ்வொரு முறையும் "பழகிவிடும் அம்மா" என்கிறாய். போன கிழமை, கால்விரல்கள் சிவந்து வீங்கி இரவில் கடிக்கிறது என்று வாய்தவறிச் சொல்லிவிட்டு உடனே கதையை மாற்றினாய். நான் போனில் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வெளிக்கிட்டால் அழுதுவிடுவேன் என்று பயமாய் இருந்தது. அதனால்தான் எழுதுகிறேன். முப்பது வருசம் விலங்கியல் படிப்பித்தவள் நான், உனக்கும் வீட்டில் வைத்துப் படிப்பித்தேன், ஆனால் நோர்வேயின் வடகோடியில் துரொம்சோவில் போய் இருக்கப்போகிற பிள்ளைக்குத் தேவையான பாடத்தை இரண்டு பக்கத்தில் ஓடிமுடித்துவிட்டேன்போல இருக்கிறது. அங்கே இருக்கிற ஒரு மிருகமும் குளிரைத் தாங்கிப் பழகி வாழவில்லை, பிள்ளை. குளிர் தன் உடம்புக்குள் வராதபடி பார்த்துக்கொண்டுதான் அவை வாழுகின்றன. தாங்குவது வேறு, வராமல் பார்ப்பது வேறு.

ஷோலாண்டர் என்று ஒரு நோர்வேக்காரர், உன் இப்போதைய ஊர் ஆள்மாதிரித்தான். அவரும் கூட்டாளிகளும் அலாஸ்காவின் வட முனையில் இருந்த மிருகங்களையும், பனாமாவின் வெப்பக் காட்டு மிருகங்களையும் கொண்டுவந்து குளிர்ப் பெட்டிக்குள் விட்டு, எந்தக் குளிரில் எது உடம்பைக் கூடுதலாக எரிக்கத் தொடங்குகிறது என்று அளந்தார்கள். 1950இல் அந்த முடிவுகள் வெளிவந்தன. பனாமாக் குரங்குக்கும் மற்றதுகளுக்கும் 25, 28 பாகைக்குக் கீழே போனதும் உடம்பு பதற ஆரம்பித்துவிட்டது. துருவ நரிக்கு மைனஸ் 30 பாகையிலும் ஒன்றுமில்லை, சும்மா வீட்டு விறாந்தையில் கிடப்பதுபோலக் கிடந்தது. அதே அளவுகோலில் உடுப்பில்லாத மனிசரை வைத்துப் பார்த்தால் எங்கள் இடம் 27 பாகைக்கு அருகில். அதாவது பனாமாக் குரங்கின் பக்கத்தில். நோர்வேக்காரரும் அங்கேதான் நிற்கிறார்கள், நீயும் அங்கேதான். அவர்கள் குளிருக்குப் பிறந்தவர்கள், நான்தான் பலவீனம் என்று நீ நினைக்கக்கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன். அவர்களுக்கும் உடம்பு வெப்பமண்டல உடம்புதான். சின்னனிலேயே தாய் தகப்பன் உடுப்பைச் சரியாய்ப் போட்டு அனுப்பப் பழக்கிவிட்டார்கள், அவ்வளவுதான். எனக்கு அந்தப் பழக்கம் தெரியாது. திருவெம்பாவைக்கு விடிய நாலு மணிக்கு எழுப்பிக் கிணற்றில் அள்ளி வார்த்து, காதைச் சுற்றி ஒரு துவாயைக் கட்டிவிட்டதுதான் நான் உனக்குச் செய்த குளிர்காலப் பயிற்சி.

அந்த மானின் மயிர் ஒவ்வொன்றும் உள்ளே காற்று அடைத்த சின்னக் குழாய். மேலே நீட்டு மயிர், அடியில் நெருக்கமான பஞ்சு மயிர், இரண்டுக்கும் நடுவிலும் காற்று. சூட்டைப் பிடித்து வைப்பது மயிர் இல்லை, அசையாமல் நிற்கிற காற்று. நீ ஒரு தடித்த ஜக்கெட்டை மட்டும் போட்டுக்கொண்டு ஓடுகிறாய். அதற்குள்ளே ஒரு மெல்லிய கம்பளி, அதற்கு மேலே இன்னொன்று, பிறகு காற்றுப் புகாத ஒன்று என்று போட்டால், இரண்டு உடுப்புக்கு நடுவில் நிற்கிற காற்று வேலை செய்யும். உள்ளே போடுகிறது பருத்தியாய் இருக்கவேண்டாம். பருத்தி எங்கள் ஊர் வேர்வைக்கு நல்லது. ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், அங்கே அதே குணம்தான் கெடுதல்.

பனிக்கரடியைப் பற்றி உனக்கு ஒரு பிழையைப் படிப்பித்திருக்கிறேன், இப்போதே திருத்திவிடுகிறேன். அதன் தோல் கறுப்பு, மயிர் நிறமில்லாதது, இது இரண்டும் சரி. ஆனால் அந்த மயிர் வெயிலைக் குழாய்மாதிரி உள்ளே கடத்தித் தோலைச் சூடாக்குகிறது என்று அந்தக் காலத்தில் புத்தகங்களில் இருந்தது, நானும் கரும்பலகையில் படம் கீறிக் காட்டினேன். பிறகு 1990களில் ஒருவர் மயிரை எடுத்து வெளிச்சம் விட்டு அளந்து பார்த்தார். சின்னத் துண்டுக்குள்ளேயே வெளிச்சம் செத்துவிடுகிறது, தோல்வரைக்கும் போகாது. கரடியைக் காப்பது மயிரும், தோலுக்கடியில் சில இடங்களில் பத்துச் சென்ரிமீற்றர் வரைக்கும் இருக்கிற கொழுப்பும்தான். அது எவ்வளவு நன்றாய்க் காக்கிறது என்றால், கொஞ்சத் தூரம் ஓடினாலே கரடிக்கு உடம்பு கொதித்துவிடும். அதனால்தான் படத்தில் எல்லாம் அது ஆறுதலாய் நடந்து போகிறது.

கோப்பாய்ச் சந்தியில் நிற்கிற ஜமுனாபாரி ஆட்டை யோசித்துப் பார், காது ஒரு முழம் தொங்கும். வெயிலில் அந்தக் காதால்தான் சூட்டை வெளியே விடுகிறது. துருவ நரிக்குக் காது சின்னன், வட்டம், மயிருக்குள் புதைந்திருக்கும். உன் காது நீட்டுக் காது. அப்பம்மாவின் காது. தொப்பியைக் காதுக்கு மேலே இழுத்துவிடு.

இனி காலுக்கு வருகிறேன். இதுதான் நான் எழுத வெளிக்கிட்டதே.

பனிமான், நரி, கடற்பறவைகள் எல்லாம் மணிக்கணக்காய்ப் பனிக்கட்டியில் வெறுங்காலோடு நிற்கின்றன. காலில் கொழுப்பும் இல்லை, மானின் கீழ்க்காலில் மயிரும் குட்டை. அப்படியானால் காலால் சூடு எல்லாம் இறங்கிப் போய்விடாதா? போகாது. காலுக்குப் போகிற இரத்தக்குழாயும் காலிலிருந்து வருகிற குழாய்களும் ஒன்றையொன்று ஒட்டி, நான் உனக்குப் பின்னிவிட்ட சடைமாதிரி நெருக்கமாய் ஓடுகின்றன. கீழே போகிற சூட்டு இரத்தம், மேலே ஏறி வருகிற குளிர் இரத்தத்துக்கு வழியிலேயே சூட்டைக் கொடுத்துவிடுகிறது. படியில் இறங்குகிற ஆள், ஏறி வருகிற ஆளின் கையில் வாளியைக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு கீழே போகிறதுமாதிரி. சூடு உடம்புக்கே திரும்பிவிடும், பாதத்துக்குப் போகும் இரத்தம் ஏற்கனவே குளிர்ந்துபோயிருக்கும். நெஞ்சுக்குள் 38 பாகை, பாதத்தில் பூச்சியத்தைவிடக் கொஞ்சம்தான் கூட. பாதம் சூடாய் இருக்கவேண்டும் என்று அந்த மிருகம் நினைப்பதே இல்லை, உறையாமல் இருந்தால் போதும்.

சரி, அவ்வளவு குளிர்ந்த காலுக்குள் இருக்கிற கொழுப்பு கட்டிபட்டுவிடாதா என்று நீ கேட்கவேண்டும். சின்னனில் இப்படித்தான் கேட்பாய். இதற்குப் பதில் உன் குளியலறையிலேயே இருக்கிறது. நான் அனுப்பிய தேங்காயெண்ணெய் போத்தலுக்குள் கல்லாய் இறுகிவிட்டது, சுடுதண்ணீருக்குள் வைத்துத்தான் எடுக்கிறேன் என்று சொன்னாயே. இங்கேயே மார்கழி விடியலில் தேங்காயெண்ணெய் மங்கி வெள்ளையாய்த் திரளும், 24 பாகைக்குக் கீழே போனால் அதுக்கு அப்படித்தான். ஆனால் நல்லெண்ணெய்ப் போத்தல் பக்கத்திலேயே தெளிவாய்த்தானே நிற்கிறது? பனிமானின் உடம்பில் இரண்டு எண்ணெயும் இருக்கின்றன. தொடையெலும்பு மச்சைக்குள் இருக்கிற கொழுப்பு தேங்காயெண்ணெய்மாதிரி, குளிர்ந்தால் இறுகும். கீழே இறங்க இறங்க, குளம்புக்குக் கிட்ட உள்ள எலும்பில் இருக்கிறது நல்லெண்ணெய்மாதிரி, குளிரிலும் இளகித்தான் இருக்கும். ஒரே கால், மேலிருந்து கீழே எண்ணெய் மாறிக்கொண்டே போகிறது. இதைப் புத்தகத்தில் முதல்முதல் வாசித்த அன்றைக்கு எனக்குச் சமைக்கவே மனம் வரவில்லை, குசினியில் நின்று இரண்டு போத்தலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

எண்ணெய்க் கதை வந்தபடியால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இது உனக்கு ஒரு பயனும் இல்லாதது, ஆனாலும் நோர்வேக்காரர் கண்டது. தென் துருவக் கடலில் திமிங்கிலம் பிடிக்கப் போன நோர்வே ஆட்கள், அங்கே இரத்தமே இல்லாத மீன் ஒன்று இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு வந்தார்கள். ஒருவரும் நம்பவில்லை. 1927இல் ருஸ்தாத் என்ற நோர்வே மாணவர் ஒரு மீனைப் பிடித்து வெட்டினார், வந்த இரத்தம் தண்ணீர்மாதிரி, நிறமே இல்லை. பூவும், செவுளைத்தான் சொல்கிறேன், வெள்ளை. நான் நேற்றுத்தான் அப்பா வாங்கிவந்த விளைமீனின் பூவைக் கிள்ளி எறிந்தேன், கை முழுக்கச் சிவப்பு. அந்த மீனுக்குச் சிவப்பணுவே கிடையாது. அந்தக் கடல் தண்ணீர் மைனஸ் 1.9 பாகைக்குக் கிட்ட நிற்கிறது, அவ்வளவு குளிர்ந்த தண்ணீரில் ஒக்சிசன் நிறையக் கரைந்திருக்கும், பெரிய இதயம் ஒன்றை வைத்து நிறமில்லாத இரத்தத்தை நிறைய ஓடவிட்டே அது பிழைத்துக்கொள்கிறது. உறையாமல் இருக்க இன்னொரு ஏற்பாடு. அதன் இரத்தத்தில் ஒரு புரதம், உள்ளே ஒரு சின்னப் பனித்துணுக்கு வந்தாலும் அதில் ஒட்டிக்கொண்டு, மேலே வளரவிடாது. 1960களில் டெவ்ரீஸ் என்ற அமெரிக்கர் அதைக் கண்டுபிடித்தார். வட துருவத்தில் உங்கள் பக்கத்துக் கடலிலும் ஒரு கொட் மீன் கிட்டத்தட்ட அதே புரதத்தை வைத்திருக்கிறது. இரண்டும் உறவில்லாத மீன்கள், உலகத்தின் இரண்டு முனையில் இருக்கின்றன, வேறு வேறு வழியால் தனித்தனியே வந்து ஒரே இடத்தில் நிற்கின்றன. எனக்கு இது கோயிலுக்குப் போய்வந்ததுமாதிரி ஒரு நிறைவைத் தரும்.

உன் கால்விரலுக்குத் திரும்பி வருகிறேன். உனக்கு அவ்வளவு நெருக்கமான சடைப் பின்னல் குழாயும் இல்லை, குளம்பில் நல்லெண்ணெயும் இல்லை. குளிர் வந்தால் மனிச உடம்பு விரலுக்குப் போகிற இரத்தத்தைச் சுருக்கிவிடும், பிறகு நீ வீட்டுக்குள் வந்து ஹீட்டருக்குக் கிட்டக் காலை நீட்டினால் சடாரென்று திரும்பி வரும், அப்போதுதான் சிவந்து வீங்கிக் கடிக்கும். அதனால் வந்ததும் காலைச் சூட்டில் நீட்டாதே. ஈரச் சொக்ஸைக் கழற்றி, துடைத்து, காய்ந்த கம்பளிச் சொக்ஸைப் போட்டுக்கொண்டு ஆறுதலாய்ச் சூடேற விடு. தோல் வெடித்தால் மருத்துவரிடம் போ. நேர்ஸ் வேலை செய்கிற பிள்ளைக்கு இதை நான் சொல்லவேண்டியதில்லை, ஆனால் மற்றவர்களின் காலைக் கழுவி மருந்து பூசுகிற நீ உன் காலைப் பார்ப்பதில்லை என்று எனக்குத் தெரியும்.

ஈரம்தான் மோசம் பிள்ளை. குளிரைவிட ஈரம். மைனஸ் 40ஐ ஒன்றும் இல்லையென்று நிற்கிற மிருகங்களை ஈரம் விழுத்திவிடுகிறது. பென்குயின் குஞ்சுகளுக்கு முதலில் இருப்பது பஞ்சு இறகு, பனி விழுந்தால் உதறிவிடும், மழை பெய்தால் நனைந்து குளிரில் செத்துப்போகும். கரடிக்குட்டியையும் தாய் தொடக்கத்தில் தண்ணீரில் இறக்க விரும்பாது, குட்டிக்கு அந்தக் கொழுப்பு இன்னும் வரவில்லை. உன் ஊருக்கும் வடக்கே இருக்கிற ஸ்வால்பார்ட் தீவுகளில் இப்போது மாரியில் பனிக்குப் பதிலாய் மழை பெய்கிறது, பெய்த தண்ணீர் நிலத்தில் கண்ணாடியாய் உறைந்துவிடுகிறது, பனிமான்கள் குளம்பால் கிண்டிப் பார்த்தும் அடியில் இருக்கிற புல்பூண்டை எடுக்கமுடியாமல் பட்டினியில் சாகின்றன. எத்தனை ஆயிரம் வருசமாய்க் குளிருக்குத் தயாராகி நிற்கிற உயிர், சூடு கூடினதால் சாகிறது. வாசிக்கும்போது நெஞ்சு பொறுக்கவில்லை. உன் சப்பாத்து ஓரத்தில் வெடித்திருக்கிறது என்று சொன்னாய். அதைத் தூக்கி எறி. காசு பார்க்காதே. ஒரு அளவு பெரிதாய் வாங்கு, சொக்ஸுக்கு இடம் இருக்கவேண்டும், விரல் அசையவேண்டும்.

சாப்பாடு. நீ காலையில் ஒரு கோப்பியோடு ஓடுகிறாய் என்று தெரியும். ஸ்வால்பார்ட்டில் ஒரு கோழிவகைப் பறவை இருக்கிறது, காலில்கூட இறகு முளைத்திருக்கும், கார்த்திகை வருவதற்குள் தின்று தின்று தன் நிறையில் மூன்றில் ஒரு பங்குக்குக் கிட்டக் கொழுப்பாய் வைத்துக்கொள்ளும். அங்குள்ள பனிமானும் கோடையில் முதுகில் கொழுப்பு வைக்கும், மாரியில் தேவையில்லாமல் நடக்காது, கனநேரம் சும்மா படுத்திருக்கும். அந்த மிருகத்துக்கு அது சோம்பல் இல்லை, கணக்கு. பனிக்கரடித் தாய் இன்னும் ஒருபடி மேலே. பனிக்குள் தோண்டின குழிக்குள் போய் மாதக்கணக்காய் ஒன்றும் தின்னாமல் கிடந்து, இந்த மார்கழி தையில்தான் குட்டி போடும். குட்டி ஒரு கிலோகூட இல்லை, அரைக்கிலோவுக்குச் சற்று மேல், கண் திறவாது, மயிரும் மெல்லிசு. பாலில் மூன்றில் ஒரு பங்குக்குக் கிட்டக் கொழுப்பு. எங்கள் பாலில் நூற்றுக்கு நாலுதான். பங்குனி வாக்கில் குட்டியோடு வெளியே வரும்போது தாய் எலும்பும் தோலுமாய் இருக்கும். அந்தத் தாய் குழிக்குள் போகுமுன் போதுமான அளவு தின்றிருக்காவிட்டால் குட்டியும் இல்லை. நீ இருட்டு மாதங்களில் உடம்பு குறைக்கிற யோசனையை விட்டுவிடு. கஞ்சி காய்ச்சிக் குடி, மீன் வாங்கு, அங்கே கொட் மீனுக்கு என்ன குறை. 1987இல் உன் பெரியப்பா வடக்கே பின்மார்க்கில் மீன் கொம்பனியில் வேலை செய்யும்போது, வேலைக்குப் போகுமுன் அங்குள்ள கிழவி ஒருத்தி கரண்டியில் மீனெண்ணெய் ஊற்றி வாயைத் திற என்பாளாம். வெயில் இல்லாத இடத்தில் எங்கள் கறுத்த தோலுக்கு அது இன்னும் தேவை. குளிசையாய் எடுத்தாலும் சரி.

இருட்டைப் பற்றி நீ ஒன்றும் சொல்லவில்லை, நான்தான் பயந்துகொண்டிருக்கிறேன். கார்த்திகை கடைசியில் போன சூரியன் தை நடுவில்தான் தலைகாட்டும், மலை மறைக்கிறபடியால் 21ஆந் திகதிதான் கண்ணால் காணலாம், அன்றைக்குப் பணியாரம்மாதிரி ஒன்று விற்பார்கள் என்று போன வருசம் சொன்னாய். பனிமானின் கண் கோடையில் பொன்னிறம், மாரியில் நீலம். ஒரே கண், உள்ளே இருக்கிற கண்ணாடிப்படலம் நிறம் மாறுகிறது. லண்டன் ஆட்களும் உங்கள் துரொம்சோ ஆட்களும் சேர்ந்து 2013இல் அதை எழுதினார்கள். இருட்டில் மாதக்கணக்காய்க் கண்மணி விரிந்தே இருக்கிறபடியால் கண்ணுக்குள் அழுத்தம் கூடி, படலத்தின் நார்கள் நெருங்கிப்போக, திரும்பிவருகிற வெளிச்சம் நீலமாகிறது, கொஞ்ச வெளிச்சத்திலும் அதுக்குக் கண் தெரிகிறது. இன்னொன்று, அசைபோடும்போதே அது தூங்கியும்கொள்ளும், மூளையலையை அளந்து பார்த்திருக்கிறார்கள். உனக்கு அந்த வசதி இல்லை. இரவுவேலை முடிந்து வந்து போனைப் பார்த்துக்கொண்டு கிடக்காதே. மத்தியானம் வானம் நீலமாய் வெளிக்கிற அந்த இரண்டு மணித்தியாலம் வெளியே போய் நட, மூக்கை மூடிக்கொண்டு நட. பனிமானின் மூக்கை வெட்டிப்பார்த்தால், எங்கள் ஊர்ச் சுருட்டைக் குறுக்கே வெட்டினால் இலை சுற்றிச் சுற்றி இருக்குமே, அப்படி இருக்கும். போகிற மூச்சு அந்தச் சுருளில் பட்டுச் சூடாகித்தான் நுரையீரலுக்குப் போகும், வருகிற மூச்சு சூட்டையும் ஈரத்தையும் அங்கேயே வைத்துவிட்டு வரும். உனக்கு அந்த வேலையை ஒரு கம்பளிச் சால்வைதான் செய்யவேண்டும்.

கடைசியாய் ஒன்று, இதை எழுதுவதா என்று நேற்று முழுக்க யோசித்தேன்.

அந்தாட்டிக்காவில் பேரரசப் பென்குயின் என்று ஒரு இனம், மாரியில் முட்டை இடும். பெண் கடலுக்குப் போய்விடும், ஆண் முட்டையைத் தன் பாதத்துக்கு மேலே வைத்து வயிற்றுத் தோலால் மூடிக்கொண்டு இரண்டு மாதத்துக்கு மேல் நிற்கும். சோடி சேர வந்ததிலிருந்து கணக்குப் பார்த்தால் கிட்டத்தட்ட நாலு மாதம் பட்டினி. தனியே நின்றால் தப்பாது. ஆயிரக்கணக்கில் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கும், வெளியே மைனஸ் 40 அடிக்கும்போது நடுவில் 37 பாகைவரைக்கும் ஏறும். ஒருவரும் நடுவிலேயே நிற்பதில்லை. அரை நிமிசத்துக்கு, ஒரு நிமிசத்துக்கு ஒருமுறை எல்லாரும் ஒரு சின்ன அடி எடுத்துவைக்க, கூட்டம் அலைமாதிரி அசைந்து அசைந்து, காற்றுப் பக்கம் நின்றது மறைவுக்கு வரும், உள்ளே நின்றது வெளியே போகும்.

1995 ஐப்பசி 30ஆந் திகதி இரவு, சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணத்துச் சனம் எல்லாம் ஊரைவிட்டு வெளிக்கிட்ட இரவு, உனக்கு ஞாபகம் இருக்காது, இரண்டு வயது. மழை. இந்த வீட்டிலிருந்து நாவற்குழிப் பாலம் எத்தனை மைல்? விடிய விடிய நடந்தோம், நடந்தோம் என்றால் நின்றோம், அரையடி வைத்தோம், நின்றோம், அவ்வளவு சனம். சாவகச்சேரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் போய் ஒதுங்கினபோது எல்லாருக்கும் உடுப்பு நனைந்து பல்லுக் கிட்டுகிறது. சீமெந்து நிலம். ஊர் பேர் தெரியாத பெண்கள், வட்டமாய் நெருங்கி இருந்து, பிள்ளைகள் எல்லாரையும் நடுவில் கிடத்தினோம். கதவுப் பக்கம் காற்று அடிக்கும். ஒருத்தி கொஞ்ச நேரம் கதவுப் பக்கம் முதுகைக் கொடுத்துக்கொண்டு இருப்பாள், பிறகு ஒரு சொல்லும் இல்லாமல் மற்றவள் எழும்பிப் போய் அந்த இடத்தில் இருப்பாள். நீ நடுவில், யாரோ ஒருவரின் மூன்று பிள்ளைகளுக்கு இடையில் வேர்த்துப்போய் நித்திரை கொண்டாய். உன் பிடரியைத் தொட்டுப் பார்த்தேன், வேர்வை. பல வருசம் கழித்துப் பென்குயின் பாடத்தை வகுப்பில் படிப்பிக்கும்போது இது ஞாபகம் வந்து பாதியில் நிறுத்தினேன், பிள்ளைகள் ரீச்சருக்கு என்ன என்று கேட்டார்கள்.

அங்குள்ள தமிழ் ஆட்கள் பொங்கலுக்குக் கூப்பிட்டார்கள், வேலை என்று சொல்லிவிட்டேன் என்றாய். போ. வேலையை மாற்றிக் கேட்டுப் போ. சூரியனே வராத ஊரில் எப்படிப் பொங்குவது என்று கேட்டாய், நான் அப்போது சிரித்தேன், பிறகு யோசித்தேன். தெற்கு எது என்று பார்த்து முற்றத்தில் வை, உன் ஊரில் சூரியன் அந்தப் பக்கம்தானே ஒரு கிழமைக்குள் தலைகாட்டப்போகிறது.

இங்கே மழை விட்டுவிட்டது. பின்னேரம் அப்பா மோட்டசைக்கிளில் என்னை நாவற்குழிப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். கடல்நீரேரிச் சேற்றில் உள்ளான் கூட்டம், சின்னதும் பெரிதுமாய் ஆயிரம் இருக்கும், குத்திக் குத்தித் தின்கின்றன. சின்ன உள்ளானும் வளைமூக்கு உள்ளானும் சைபீரியாவின் வடகரையில், உன் ஊருக்கும் வடக்கே, முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துவிட்டு, குளிருக்கு முன்னே இங்கே வருகிறவை. அவையும் துருவத்துப் பிறவிகள்தான், மாரியில் அங்கே நிற்பதில்லை. சித்திரைக்குள் நெஞ்சு சிவந்துவிடும், போய்விடும். நாங்கள் பாலத்தடியில் நின்று இருட்டும்வரைக்கும் பார்த்தோம். அப்பா ஒன்றும் பேசவில்லை, வரும் வழியில் மட்டும், பிள்ளை நல்லூர்த் திருவிழாவுக்கு வருவாளா என்று கேட்டார். டிக்கெட் விலை பார்த்துச் சொல்லு.

பார்சல் நாளை போடுகிறேன். ஒடியல் மா, பனங்கட்டி, எள்ளுப்பாகு, மாமி பின்னின கம்பளித் தொப்பி, அது காதை மூடும். இந்தமுறை தேங்காயெண்ணெய் வைக்கவில்லை, இரண்டு போத்தல் நல்லெண்ணெய் வைத்திருக்கிறேன், தலைக்கும் அதையே பூசு.

ஞாயிறு வீடியோவில் எடுக்கும்போது முகத்தைக் காட்டுமுன் காலைக் காட்டு. இரண்டு காலையும், சொக்ஸ் இல்லாமல்.

அன்புடன்,
அம்மா